நிமிருவுக்கு வைத்த மொய்

ஆடி பிறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பந்தல்காரர் ரெங்கசாமி வீட்டு வாசற்படியிலிருந்து, இடுப்பு உயரமே உள்ள, உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன ஓர் ஆள், கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கி, கொத்தங்கொல்லைக் கடைத்தெரு வழியாகக் கிழக்கே நடக்க ஆரம்பித்தான். டீக்கடை காசிநாதனின் சைக்கிள் வழக்கம்போல ஸ்டாண்டு நிற்காமல் சாய்ந்து கிடந்தது. அந்த ஆள் குனிந்தான், சைக்கிளைத் தூக்கினான், நிறுத்தினான், நடந்தான். "நல்லா இருப்பப்பா," என்றார் காசிநாதன், பாலை ஆற்றிக்கொண்டே. வாழ்த்தப்பட்டவன் குளியலறைச் சுவரில் ஓடு பதித்தமாதிரி கட்டம் கட்டமாக இருந்தான் என்பது இரண்டு டீ ஆற்றி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உறைத்த பிறகும் மூன்றாவது டீயை ஆற்ற வேண்டியிருந்ததால் அவர் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

வீட்டுக்குள்ளே, வாடகைக்கு விடும் நாற்காலிகளும் அண்டாக்களும் அடுக்கியிருந்த அறையில், லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த ரெங்கசாமியின் மகள் மதிவதனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். அவளுடைய கேமில் இருக்க வேண்டிய ஆள், இன்னும் பாதிகூட வரைந்து முடிக்காத ஆள், ஊர் பார்க்க வெளியே போய்விட்டான். பக்கவாட்டில் பார்த்தால்தான் அவன் ஆள். நேர் எதிரே நின்று பார்த்தால் நிமிர்த்தி வைத்த ஒரு கோடு. முன்பக்கம் பின்பக்கமெல்லாம் அவள் இன்னும் யோசிக்கவே இல்லை.

வதனி தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். வேலைக்குப் போகாமல் இரண்டு வருடமாக அந்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் இருந்தபோது அடித்த புயலில் ஊரில் இருந்த தென்னையெல்லாம் ஒரே இரவில் படுத்துவிட்டது. அடுத்த நாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, எப்போதும் தென்னைக்குப் பின்னால் மறைந்திருந்த வானம் முழுசாகத் தெரிந்தது. அந்த வானம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் அவள் கேமில் ஒரு சின்ன ஆள் புயல் ஓய்ந்த ஊருக்குள் நடந்துபோய், விழுந்ததையெல்லாம் தூக்கி நிறுத்துவான். மரம், கம்பம், வேலி, மாடு எதுவானாலும் சரி. அவனை யாரும் அடிக்க மாட்டார்கள், அவனும் யாரையும் அடிக்க மாட்டான். அவன் பெயர் நிமிரன். ஊர் அவனை அன்று சாயங்காலத்துக்குள்ளேயே நிமிரு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

நிமிருவுக்குக் கிழக்கே மட்டும்தான் நடக்கத் தெரியும். திரும்பி நடப்பதை வதனி அடுத்த மாதம் வரையலாம் என்று விட்டு வைத்திருந்தாள். அதனால் அவன் கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊரின் கிழக்கு எல்லையில் இருக்கும் வாய்க்கால் மதகு வரை போவான். மதகைத் தாண்டினால் காணாமல் போவான். அதே நொடியில் மேற்கு எல்லையில் ரேஷன் கடைப் பக்கம் முளைத்து மறுபடி நடந்து வருவான். ரேஷன் வரிசையில் நின்றவர்கள் ஒருநாள் இதைப் பேசித் தீர்த்தார்கள். கிழக்கே போனவன் மேற்கே எப்படி வருவான் என்று ஒருத்தர் கேட்க, சூரியன் மேற்கே போய்க் கிழக்கே வரலையா, அதை யாராவது கேட்டோமா என்று இன்னொருத்தர் சொல்ல, அதோடு அந்தப் பேச்சு முடிந்து மண்ணெண்ணெய் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

வேகத்தடை வந்தால் குதிப்பான். ஆடு குறுக்கே வந்தால் இரண்டு முறை குதிப்பான். சாய்ந்த வேலிகளை நிறுத்தினான், காற்றில் குப்புற விழுந்த கட்சிப் பலகைகளை எந்தக் கட்சி என்று பார்க்காமல் நிறுத்தினான், கடை வாசலில் சரிந்து கிடந்த குடிகாரர்களை நிறுத்தினான், நிறுத்தப்பட்டவர்கள் நின்ற சூட்டிலேயே வீட்டுக்கு நடந்தார்கள். புயலில் விழுந்து, வெட்டி எடுக்கக் காசில்லாமல் வயலோரம் கிடந்த ஒரு தென்னையை அவன் தூக்கி நிறுத்த, அது நாலு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் பாளை விட்டது. வதனியின் அம்மா மல்லிகா தினமும் அவனுக்கு வாசலில் ஒரு தட்டில் இட்லி வைப்பாள். சாப்பிடுவதை வதனி வரையவில்லையாதலால் அவன் தட்டைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவான். அம்மா சலிக்காமல் மறுநாளும் வைப்பாள்.

லேப்டாப்பில் மாற்றியது மறுநாள் தெருவில் மாறும் என்பதைக் கண்டுபிடித்தது ரெங்கசாமியின் தங்கை வள்ளிக்கண்ணு. வதனி ஒரு மதியம் நிமிருவின் சிவப்புத் துண்டைப் பச்சையாக்கிக்கொண்டிருந்ததை அத்தை அண்டா வாங்க வந்த இடத்தில் பார்த்தாள். மறுநாள் காலையில் பச்சைத் துண்டோடு நிமிரு அவள் வீட்டு வாசலைக் கடந்து போனான். அத்தைக்கு ஒரு செய்தி தெரிந்தால் அது ஊருக்கு மைக் செட் இல்லாமலே கேட்கும்.

"ஏண்டி, உன் ஆளாடி அவன்?" என்று அத்தை வந்து நின்றாள். "விடிஞ்சா நடை, அடைஞ்சா நிலை. உக்காரக்கூட விடாம வேலை வாங்குறியே, உனக்கே நல்லாருக்கா?"

"உக்கார்றதை இன்னும் வரையலை அத்தை."

"அதென்ன பெரிய கம்ப சூத்திரமா? ரெண்டு முட்டியை மடக்கு."

வதனி வழக்கம்போலச் சிரித்தாள். உட்கார வைக்க முட்டியை மட்டும் மடக்கினால் போதாது என்பதை எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? சத்தம் அமைக்க ஒருவர் வேண்டும், இசைக்கு ஒருவர், பின்னணி வரைய ஒருவர், இவர்களுக்கெல்லாம் கொடுக்கவும் அவளே சாப்பிடவும் ஒரு வருடத்துக்குப் பணம் வேண்டும். பணம் தீர்ந்துவிட்டது. சென்னையில் ஒரு கம்பெனி ஆவணி முதல் தேதி வேலையில் சேரச் சொல்லியிருந்தது. அப்பா கோபிக்கிறவர் இல்லை. "ஆடி முடியிறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன்னா இங்கேயே இரு, இல்லாட்டிப் பெட்டியைக் கட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் போய்விட்டால் நிமிரு இப்படியே நின்றுவிடுவான். உட்காராமல், சாப்பிடாமல், திரும்பிப் பார்க்கத் தெரியாமல், மழைக்கும் வெயிலுக்கும் கிழக்கே போய்க்கொண்டே இருப்பான். அதை நினைத்தால் அவளுக்கு லேப்டாப்பை மூடிவைக்கக்கூடக் கை வரவில்லை.

பொதுமக்களிடம் பணம் திரட்டும் ஒரு இணையப் பக்கத்தில் அவள் நிமிருவை முன்பே போட்டிருந்தாள். இவ்வளவு கொடுத்தால் ஒரு தென்னைக்கு உங்கள் பெயர், இவ்வளவு கொடுத்தால் உங்கள் ஆசை ஒன்று கேமில் இடம்பெறும் என்று, மற்றவர்கள் போட்டிருந்ததைப் பார்த்து அவளும் பரிசுகள் அறிவித்திருந்தாள். கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தப் பக்கம். முதல் வரியிலேயே தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று இருந்தது. ஃபின்லாந்திலிருந்து ஒருவர் பணம் போட்டு, தென்னைக்குப் பதில் பனிமூடிய ஊசியிலை மரம் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தது பெங்களூரிலிருந்து நிவேதன். கேம் வெளியிடும் ஒரு பெரிய நிறுவனத்தில் புது ஆட்களைத் தேடிப் பிடிப்பது அவன் வேலை. ஓசூர்ப் பையன், நல்ல மாதிரி. ஊருக்குள் நுழையும்போதே அவனுடைய கார் வாய்க்காலில் ஒரு பக்கம் இறங்கிவிட, நிமிரு வந்து அதைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனான். அதனால் நிவேதன் அறைக்குள் வந்து ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தபோது பாதி மனசைக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"சூப்பர்ங்க," என்றான். "எதிரி யாரு?"

"எதிரி இல்லைங்க."

"சரி. அவர் எதை வச்சு அடிப்பார்?"

"அடிக்க மாட்டார்ங்க."

நிவேதன் லேப்டாப்பின் விசைகளைப் பார்த்தான். "அப்ப விளையாடுறவங்க எந்த பட்டனைத்தாங்க அழுத்துவாங்க?"

முழுப் பணத்தையும் கம்பெனி கொடுக்கும், சென்னை வேலையைவிட நல்ல சம்பளம் கொடுக்கும், உதவிக்கு ஆட்களைக் கொடுக்கும், நிமிரு கம்பெனியுடையவனாகிவிடுவான். அதற்கு முன்னால் மேலே இருப்பவர்களுக்குக் காட்ட ஒரே ஓர் அடி, ஒரு கையைச் சுழற்றி ஓர் அடி, மாதிரிக்கு வரைந்து காட்ட முடியுமா? முடியாது என்று சொல்ல வதனிக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. வரைந்தாள்.

மறுநாள் காலையில் நிமிரு படியிறங்கியதும் முதல் வேலையாக அம்மா வைத்த இட்லித் தட்டை அடித்தான். பிறகு பால்கேனை அடித்தான், டீக்கடை பெஞ்சை அடித்தான், காசிநாதனின் சைக்கிளை அடித்தான். அடித்ததெல்லாம் விழுந்தது, விழுந்ததைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் குனிந்து தூக்கி நிறுத்தினான், நின்றதைப் பார்த்ததும் அடித்தான். மத்தியானம் வரை அவன் டீக்கடையைத் தாண்டவே இல்லை. "அரசாங்க ஆபீஸ்ல வேலை கிடைச்சிருச்சு போல இவனுக்கு," என்றார் காசிநாதன், தன் சைக்கிள் விழுவதையும் எழுவதையும் பார்த்தபடி.

இதைப் பார்க்கவே ஊரில் தங்கியிருந்த நிவேதன் கைதட்டாத குறை. "பாருங்க, இப்ப வேலை முடியவே முடியாது! இதைத்தாங்க எல்லாரும் கேக்குறாங்க!"

வதனி உள்ளே ஓடிப் போய் அந்த அடியை அழித்துவிட்டு வந்தாள். நிவேதன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆடி மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன்ங்க. அன்னிக்கு ஒரு பதில் சொல்லிருங்க, மேல கேப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கம்பெனிக்காரன் வந்து போன கதையை அத்தைக்குச் சொன்னது அம்மா. அந்த வட்டாரத்தில் ஆடி என்றால் மொய் விருந்து. வீடு கட்ட வேண்டுமா, போர் போட வேண்டுமா, கடை வைக்க வேண்டுமா, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு குடும்பம் பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். அவர்கள் வீட்டு விருந்து வரும்போது வாங்கியவர்கள் கொஞ்சம் கூடப் போட்டுத் திருப்பி வைப்பார்கள்.

"இந்த ஆடிக்கு உன் முறைதானண்ணே?" என்றாள் அத்தை.

"லாரி வாங்கலாம்னு இருக்கேன் கண்ணு," என்றார் ரெங்கசாமி. "அண்டாவெல்லாம் ஏத்தி எறக்க."

"உன் லாரி என்ன கால் கடுக்க நிக்குதா? அந்தா, அந்தப் பய நிக்கிறான் பாரு."

ரெங்கசாமி வாசலைப் பார்த்தார். நிமிரு அப்போதுதான் மேற்கிலிருந்து வந்து, அவர் நேற்று இறக்கிப் போட்ட மூங்கில்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துக்கொண்டிருந்தான். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் பந்தல் கட்டுகிறவர்; கேட்காமலே மூங்கிலை நிறுத்தித் தருகிற ஆள் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. "பத்திரிகை அடிக்கச் சொல்லு," என்றார்.

வதனி எழுந்து வாசலுக்கு வந்தாள். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவர் பந்தல் துணியை எண்ணப் போய்விட்டார்.

தவறு நடந்தது அதற்கு மறுநாள். கம்ப்யூட்டரில் ஏற்கனவே ஏதோ மொய் வாங்குகிறாயாமே, அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அத்தை கேட்க, வதனி அந்தப் பரிசுகளைத் தமிழில் படித்துக் காட்டினாள். மொய் வைத்தால் சோறும் திரும்ப மொய்யும்தான் என்று பழகிய அத்தைக்கு, ஆசைப்பட்டதை வரைந்து தருவார்கள் என்பது பெரிய சலுகையாகப் பட்டது. அவள் அதைச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மொய் வைக்கிறவர்கள் ஆளுக்கொரு ஆசையோடு வரலாம். நம்ம புள்ளை வரைஞ்சு குடுத்துரும்.

விருந்து வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. பால் சொசைட்டிக்காரர் வந்து நிமிரு கையில் ஒரு பால்கேன் இருக்கட்டும் என்றார். மீசை இல்லாமல் என்ன ஆம்பளை என்று ஒருத்தர் மீசை கேட்டார். கண்ணாடிக் கடை மாரிமுத்து கூலிங்கிளாஸ் கேட்டார், தன் கடைப் பெயர் தெரிகிற மாதிரி. பூக்கடைக்காரம்மா கதம்பமாலை கேட்டாள். இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து அவரவர் கட்சிக் கரை போட்ட துண்டு கேட்டார்கள். எங்க ஊர்ப் பக்கமும் அவன் வர வேண்டும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு பெயர்ப்பலகை கேட்டார்கள். தூக்கிக்கொண்டு நடக்கட்டுமே என்றார்கள். வதனி ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாள், ஒவ்வொன்றையும் வரைந்தாள். நிவேதன் என்ற ஒருத்தனுக்கே முடியாது என்று சொல்லத் தெரியாதவள் ஒரு வட்டாரத்துக்கே எப்படிச் சொல்வாள்?

நிமிரு ஒவ்வொரு காலையிலும் கொஞ்சம் கூடுதலாக வெளியே வந்தான். மீசை, அதற்கு மேலே கூலிங்கிளாஸ், கழுத்தில் மாலை, இரண்டு தோளிலும் துண்டு, கையில் கேன், முதுகில் பலகை, இடுப்பில் விசில், காலில் யாரோ ஆசைப்பட்ட பூட்ஸ். ஊருக்கு அவன் அழகாகத்தான் தெரிந்தான்; நின்று பார்த்து, அதோ நம்ம கேனு, அதோ நம்ம மாலை என்று காட்டினார்கள். காசிநாதனின் சைக்கிள் விழுந்தபோது அவன் அதன் பக்கத்தில் போய் நின்றான், குனியப் பார்த்தான், பலகை தடுத்தது. வேறு பக்கம் குனியப் பார்த்தான், கேன் தடுத்தது. கொஞ்ச நேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிழக்கே போனான். காசிநாதன் கடையிலிருந்து இறங்கி வந்து சைக்கிளைத் தானே நிறுத்தினார்.

ஜன்னலில் நின்று வதனி அதைப் பார்த்தாள். கம்பெனி ஒரே ஓர் அடி கேட்டது. அதை அழித்துவிட முடிந்தது. இங்கே கேட்டவர்கள் எல்லாரும் அவள் பிறந்தபோது தூக்கி வைத்திருந்தவர்கள். எதை அழிப்பது? ஒருத்தருக்கு அடங்கி நடப்பதைவிட ஊருக்கு அடங்கி நடப்பது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ஊர் கெட்டதாக எதுவும் கேட்கவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொத்தங்கொல்லையில் அதுவரை போடாத பெரிய பந்தலை ரெங்கசாமி தன் மகளுக்காகப் போட்டார். ஆடுகள் வெந்தன, மைக் செட் பாடியது, வாடகைக்கே போகாமல் பெட்டியில் வைத்திருந்த நீல வெல்வெட் துணி மேடைக்குப் பின்னால் தொங்கியது. நாலு ஊர்ச் சனம் பந்தியில் உட்கார்ந்தது. வதனி ஒரு மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொய் வைத்துவிட்டு வந்தவர்கள் வரிசையாக அவளிடம் வந்து ஆசையைச் சொன்னார்கள். நிவேதனும் வந்திருந்தான். வந்த வேலையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தை அவனை இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்துவிட்டாள்.

மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஆடிக்காற்று வந்தது. தென்னைகள் இருந்த காலத்தில் அவை அந்தக் காற்றை வாங்கிக்கொள்ளும். இப்போது வாங்க ஆளில்லாமல் காற்று நேராகப் பந்தலுக்கே வந்தது. முதலில் துணி மூச்சை இழுத்த மாதிரி உப்பியது. பிறகு கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. நாலு ஊரும், சாப்பிட்ட இலையும், சாப்பிடாத இலையும், நீல வெல்வெட்டும் எல்லாம் ஒரே துணிக்குக் கீழே போயின. கீழேயிருந்து குழந்தைகள் அழுகிற சத்தமும், குழம்புச் சட்டி என் மேலடா என்று யாரோ கத்துகிற சத்தமும் வந்தன.

"நிமிரு! எங்கடா அந்த நிமிரு?" என்று துணிக்கடியில் எல்லாரும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

நிமிரு வந்துகொண்டுதான் இருந்தான். துணி விலகியிருந்த ஓர் இடுக்கு வழியாக வதனி பார்த்தாள். பலகையோடும் பூட்ஸோடும் ஒவ்வோர் அடியாக வந்து, விழுந்து கிடந்த நடு மூங்கிலின் பக்கத்தில் நின்றான். குனியப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான். அவனுக்கு முகபாவம் எதுவும் அவள் வரைந்ததில்லை. ஆனாலும் அந்தக் கூலிங்கிளாஸுக்குப் பின்னால் அவன் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் துணிக்கடியிலேயே குப்புறப் படுத்து லேப்டாப்பைத் திறந்தாள். மீசையை எடுத்தாள். கூலிங்கிளாஸை எடுத்தாள். மாரிமுத்து மாமா வருத்தப்படுவார் என்று நினைத்தாள், எடுத்தாள். மாலையை, இரண்டு துண்டையும், கேனை, விசிலை, பூட்ஸை, பக்கத்து ஊரின் பலகையை, இன்று காலையிலிருந்து எழுதி வாங்கிய ஆசைகளை, ஃபின்லாந்துக்காரருக்காக ஓரமாக வரைந்து வைத்திருந்த ஊசியிலை மரம் உட்பட எல்லாவற்றையும் எடுத்தாள். எப்போதும் மறுநாள்தான் மாறும். அன்று உடனே மாறியது. ஏன் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அவசரம் என்றால் யாரும் வேகமாகத்தானே வருவார்கள் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

கைலியும் தலைத்துண்டும் மட்டுமாக நிமிரு குனிந்தான். நடு மூங்கிலை நிறுத்தினான். அடுத்ததை நிறுத்தினான். கிழக்கு முனைக்குப் போய், மேற்கு முனையில் முளைத்து வந்து, மறுபடி நிறுத்தினான். பந்தல் ஓர் ஓரத்திலிருந்து வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. இலையில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். குழம்பு மட்டும் இடம் மாறியிருந்தது.

முதலில் பேசினவர் மாரிமுத்து. "ஏம்மா, கூலிங்கிளாஸ் எங்க?"

"எங்க கேனு?" என்றார் பால் சொசைட்டிக்காரர்.

பலகை எங்கே, மாலை எங்கே என்று பந்தல் முழுக்கக் கேள்வி எழுந்தது. அத்தை சமாதானம் சொல்ல எழுந்தாள்; சாயங்காலம் எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சு குடுத்துரும் என்று அவள் சொல்லப்போவது வதனிக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் வதனி எழுந்தாள். மைக் பக்கத்தில்தான் நின்றது. நிமிரு அதையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அவள் வகுப்பில் வருகைப் பதிவுக்கு உள்ளேன் என்று சொன்னதுகூட முன் பெஞ்சுக்குக் கேட்டதில்லை. இப்போது அவள் மூச்சு விடும் சத்தம் நாலு ஊருக்கும் கேட்டது.

"மறுபடி வரைய மாட்டேன்," என்றாள். "ஆசையைக் கேட்டு வரைஞ்சது என் தப்பு. அத்தை மேல தப்பில்லை." நிறுத்தினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு மொய் வச்சு நாங்க வீடு கட்டினப்ப, ஜன்னலை எங்க வைக்கணும்னு யாரும் கேக்கலை. நீங்க கட்டினப்ப நாங்களும் கேக்கலை. மொய்க்கு மொய் திருப்பிச் செய்வேன். உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து செய்வேன். நிமிருவைத் தர மாட்டேன். வேண்டாம்ங்கறவங்க வச்சதைத் திருப்பி எடுத்துக்கலாம்."

மைக் ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது. அப்பா ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரிமுத்து எழுந்து போய், வைத்த மொய்யைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பக்கத்து ஊர்க்காரர்களில் பாதிப் பேர் எழுந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும், ஊர் பார்த்து முதல் தடவையாக, ஒரே பக்கமாக வெளியே போனார்கள். வதனி மைக்கை விடாமல் நின்றாள்.

"மொய்னு முதல்லயே சொல்லியிருந்தா மொய்யா வச்சிருப்போம்ல," என்றார் காசிநாதன், சட்டையில் வழிந்திருந்த குழம்பைத் துடைத்தபடி. "ஆசை கீசைன்னு சொன்னதாலதான் நான் வைக்கவே இல்லை. எனக்கு என்ன ஆசை? தள்ளுங்கப்பா, நான் வைக்கிறேன். அடுத்த தையில எம் பேத்திக்குக் காது குத்து. வந்துரணும் பாப்பா, நீயே வரணும், உங்கப்பனை அனுப்பக் கூடாது."

அவருக்குப் பின்னால் பால் சொசைட்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அவர் ஏற்கனவே வைத்துவிட்டவர், திருப்பி வாங்கத்தான் வரிசையில் நின்றார், முறை வந்தபோது எதற்காக நின்றோம் என்பதை மறந்து மேலும் கொஞ்சம் வைத்துவிட்டு வந்தார். பூக்கடைக்காரம்மா வைத்தாள். வரிசை நீண்டது. போனவர்கள் போனது போக, அப்பா நினைத்ததைவிடக் குறைவாகவும் வதனி பயந்ததைவிட அதிகமாகவும் சேர்ந்தது. வருடம் முழுக்கப் போதாது. சிக்கனமாக இருந்தால், இசைக்காரர் கொஞ்சம் பொறுத்தால், முடித்துவிடலாம்.

கைகழுவிவிட்டு வந்த நிவேதனிடம் அவள் போய், "மன்னிச்சுக்குங்க, வேண்டாம்ங்க" என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"பந்தலுக்குள்ளேயே தெரிஞ்சுக்கிட்டேன்ங்க," என்றான் அவன். பிறகு தயங்கித் தயங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றான். மொய் எழுதுகிறவர் கம்பெனி பேரிலா என்று கேட்க, இல்லை, என் பேரில்தான், ஓசூர் என்றான். வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "எங்கக்காவுக்குக் கல்யாணம் மாசியில. ஓசூர் தூரம்தான். வருவீங்களா?" என்று கேட்டான். அத்தை அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

நிமிரு ஐப்பசியில் உட்கார்ந்தான். வாசற்படியில் முதல் தடவையாக முட்டியை மடக்கி உட்கார்ந்து அம்மாவின் இட்லியைச் சாப்பிட்டான். அதைப் பார்க்க ஒரு பஸ்ஸே நின்றது. பிறகு மேற்கே திரும்பி நடக்கக் கற்றான், ஊருக்கு அதுவே ஒரு வாரம் பேச்சாக இருந்தது. அடுத்த சித்திரையில் கேம் வெளியே வந்தது. அதிலிருந்து அவன் மதகைத் தாண்டினால் மேற்கே உடனே முளைப்பதில்லை. யார் யார் வீட்டுக்குள்ளோ, எந்தெந்த ஊருக்குள்ளோ போய்விட்டு, இரண்டு நாள் மூன்று நாள் கழித்துத்தான் வருவான். ஒருதடவை வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் தலைத்துண்டு நிறையப் பனியோடு ரேஷன் கடைப் பக்கம் வந்து நின்றான். வரிசையில் நின்றவர்கள் அதைத் தட்டி எடுத்து, வீணாக்காமல் நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்தார்கள்.

வதனி வாக்குத் தப்பவில்லை. காது குத்துக்குப் போனாள், ஓசூருக்குப் போனாள், புதுமனைப் புகுவிழாக்களுக்கும் வளைகாப்புகளுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் போனாள், யாரையும் தெரியாத பந்திகளில் யாரோ இருவருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள், இன்னும் வருடக்கணக்கில் போகவேண்டிய வீடுகள் இருந்தன, ஒவ்வொரு வீட்டிலும் மொய் எழுதுமிடத்தில் மைக்கை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் வீட்டில், காசிநாதனின் பேத்திக்குக் காது குத்திய அன்று, அவள் பணத்தை நீட்டியதும் மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே, "யாரு பேர்ல எழுத? அப்பா பேரா?" என்று கேட்டார்.

"என் பேர்ல," என்றாள். "மதிவதனி, கொத்தங்கொல்லை."

அவர் அதை மைக்கில் அப்படியே திரும்பச் சொன்னார்; கடைத்தெரு முழுக்கக் கேட்டது.